உரிய வழியில் வராத கோரிக்கை

காய்ந்த மிளகாய் நெடி எங்கள் வீட்டில் யாருக்கும் தும்மல் வரவழைப்பதில்லை. பிறந்ததிலிருந்து பழகிவிட்டது. அத்தாவின் சட்டை, அம்மா தலையில் போடும் தட்டம், துவைத்துக் காயவைத்த என் பள்ளி யூனிஃபார்ம் எல்லாவற்றிலும் அது இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கைத் தேய்த்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பும்போதுதான் எங்களுக்கே ஞாபகம் வரும். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு, சுக்கு, மிளகாய் என்று மலஞ்சரக்கு வியாபாரம் செய்யும் ஜாபர் சாதிக்கின் மகள் நான். பெயர் ஜுமைலா. பதினெட்டு முடிந்துவிட்டதால் இதை எழுத அத்தாவின் சம்மதம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

சுதீர் சார், நீங்கள் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. விசாரிக்கத்தான் வீட்டுக்கு வந்தீர்கள். வந்தபோதெல்லாம் "மோளே, நீ ரெஸ்ட் எடு" என்று சொல்லிவிட்டு, அத்தாவோடு சாயா குடித்துவிட்டுப் போய்விட்டீர்கள். கேள்வியெல்லாம் எங்கள் கிடங்கில் வேலை செய்கிற பேச்சி அக்காவிடம்தான். அவரை மறுபடி போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டதாக அம்மா சொன்னார். என் சிநேகிதி ஸாதனாவின் பையைக் கிடங்கு மாடிக்குக் கொண்டுவர ஏன் அவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டீர்களாம். கூப்பிட்ட உடனே ஓடி வந்தேன் என்று அவர் சொன்னதை நீங்கள் நம்பவில்லையாம். அவர் சொல்வது சரி. கூப்பிட்ட உடனே வந்தார். தாமதமாகக் கூப்பிட்டது நான்தான். பதிவில் ஒரு தவறு இருந்தால் அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வராது. அதனால் எழுதுகிறேன்.

மலையாளத்தில் எழுதியிருந்தால் உங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் உங்கள் கைக்கு வருமுன் அத்தா கையில் சிக்கினால் படித்துவிடுவார். எங்கள் வீட்டில் தமிழ் பேசுவதற்கு மட்டும்தான். படிப்பு, எழுத்து, கடைக்கணக்கு எல்லாம் மலையாளம். தமிழ் எழுத்து எனக்கு ஒருத்தி சொல்லிக் கொடுத்து வந்தது. அந்த ஒருத்தி ஸாதனாதான். படித்துச் சொல்ல நீங்கள் யாரையாவது தேட வேண்டியிருக்கும். நான் போகும் மாணவர் மாநாடுகளில் மொழிபெயர்ப்பது செயலகத்தின் வேலை, பிரதிநிதியின் வேலையல்ல.

ஸாதனாவை எட்டாம் வகுப்பிலிருந்து தெரியும். வகுப்பில் தமிழ் பேசும் வீட்டிலிருந்து வந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் வீட்டார் பாலக்காட்டிலிருந்து எப்போதோ இங்கே வந்து தங்கிவிட்ட ஐயர் குடும்பம். என் தமிழைக் கேட்டு அவள் சிரிப்பாள், அவள் தமிழைக் கேட்டு நான் சிரிப்பேன், இரண்டு பேர் தமிழையும் கேட்டு வகுப்பு சிரிக்கும். அப்படித்தான் சிநேகிதம் ஆனோம். டீச்சருக்குப் புரியாமல் குறிப்பு எழுதிக்கொள்ள ஒரு லிபி வேண்டும் என்று அவள்தான் எனக்கு அ, ஆ போட்டுக் காட்டினாள். அவள் அம்மா அம்மிணி மாமி சமையலறை வாசலில் எனக்குத் தட்டு வைத்து, "சாப்பிடாம போனா உங்க அத்தாகிட்ட சொல்லிடுவேன்" என்று மிரட்டி ஊட்டாத குறையாக உபசரிப்பார்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்த்மா. நீல நிற இன்ஹேலர் எப்போதும் பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் இருக்கும். மூச்சு முட்டப்போகிறது என்றால் முதலில் தோள் இரண்டும் மேலே ஏறும். பிறகு வாக்கியங்கள் சிறுத்துக்கொண்டே வரும். கடைசியில் உதட்டோரத்தின் நிறம் மாறும். டீச்சர்களுக்குத் தெரியுமுன் எனக்குத் தெரிந்துவிடும், அவள் கேட்குமுன் எடுத்து நீட்டிவிடுவேன். "நீ இல்லேன்னா நான் எப்பவோ போயிருப்பேன்டி" என்று அவள் சொல்வதுண்டு. இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியாமல் நடந்துவிட்டது என்று நாளைக்கு யாரும் எனக்காக வாதாட வேண்டாம்.

மாதிரி ஐ.நா. மாநாடு என்றால் என்னவென்று அத்தாவுக்கு விளக்கிப் பார்த்துத் தோற்றவள் நான், உங்களிடமாவது ஜெயிக்கிறேனா பார்க்கலாம். மாணவர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு கூடுவார்கள். ஆளுக்கொரு நாடு கிடைக்கும். அந்த நாடு பேசுவதைப் போலவே பேச வேண்டும், சண்டை போட வேண்டும், கடைசியில் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அத்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நாடகம்" என்றார். சுவரில் ஒட்டியிருந்த என் சான்றிதழ்களைப் பார்த்து, "காகிதம் ஒட்டினா சுவரு கெட்டியாகுமா? ஒரு கப்பு கொண்டு வா. பெங்களூர் வக்கீல் படிப்பப் பத்தி அப்பறம் பேசலாம்" என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அத்தா விளையாட்டாகச் சொன்ன விலையைக்கூட மாற்றிப் பேசிப் பஜாரில் யாரும் கேட்டதில்லை. கப்பு கொண்டுவந்தால் பெங்களூர். கொண்டுவராவிட்டால் தோப்பும்படிப் பக்கம் ஏதாவது கல்லூரியில் பி.காம்., மாலையில் கடையில் பில்.

மாநாட்டுக்கு முன்பே ஒவ்வொரு நாட்டுக்காரர்களும் ஒரு பொசிஷன் பேப்பர் அனுப்ப வேண்டும். விவாதத்துக்கு எடுத்துக்கொண்ட விஷயத்தில் எங்கள் நாட்டின் நிலைப்பாடு இது, காரணம் இது, நாங்கள் முன்வைக்கும் தீர்வு இது என்று எழுதித் தருவது. நன்றாக எழுதியவர்களுக்குத் தனியாக ஒரு கப்பு உண்டு. எனக்கு மேடைப் பேச்சு சுமார்தான், எழுத்து வரும். அந்தப் பேப்பரில் 'நான்' என்ற சொல் வரக்கூடாது. சொந்த அபிப்பிராயம் வரவே கூடாது. நீங்கள் யார், உங்களுக்கு எது பிடிக்கும், எதற்கு அழுவீர்கள் என்பதெல்லாம் அங்கே யாருக்கும் வேண்டாம். எனக்கு அந்த விதி ரொம்பப் பிடிக்கும். இந்தக் காகிதத்தில்தான் முதல் தடவையாக இத்தனை 'நான்' எழுதுகிறேன், கை கூசுகிறது.

எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரி நடத்திய மாநாடு இது. எங்கள் கமிட்டியில் நாட்டுக்கு இரண்டு பிரதிநிதிகள். நானும் ஸாதனாவும் சேர்ந்து பதிவு செய்தோம். ஒருவர் விலகினால் மற்றவரும் போக முடியாது என்பது விதி. விவாதம், கடலில் ஆபத்தில் சிக்கிய அகதிப் படகுகளை யார் மீட்க வேண்டும் என்பது. எங்களுக்குக் கிடைத்தது அப்படிப்பட்ட படகுகளை விரும்பாத ஒரு நாடு. பெயரை விட்டுவிடுகிறேன், அந்த நாட்டுக்கு இதில் சம்பந்தமில்லை.

படித்துப் படித்து அந்த நாட்டின் மூளைக்குள்ளேயே போய்விட்டேன் என்று சொல்லலாம். பேப்பரின் மையம் ஒரே வாக்கியம். 'ஆபத்திலிருக்கும் கலத்திடமிருந்து உரிய வழியில் தெளிவான கோரிக்கை வராதவரை மீட்கும் கடமை எழுவதில்லை.' நானே அமைத்த வாக்கியம். இதற்கு மேலும் கீழும் உள்ள எல்லாமே இதைத் தாங்கி நிற்கும்படி எழுதியிருந்தேன்.

ஸாதனாவுக்கு அது பிடிக்கவில்லை. மாநாட்டுக் கூட்டம் ஒன்றுக்குப் போய்விட்டு எர்ணாகுளத்திலிருந்து வாட்டர் மெட்ரோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். வல்லார்பாடத்துக்குப் போகும் கன்டெய்னர் கப்பல் ஒன்று கடந்துபோனது. அதன் அலையில் எங்கள் படகு கொஞ்சம் ஆடியது. அவள் ஃபோனில் என் பேப்பரைப் படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இந்த ஒரு வரிய எடுத்துடு ஜுமி."

"அதுதான்டி பேப்பரே."

"மூழ்கிண்டிருக்கறவா எப்படிடீ உரிய வழியில கேப்பா?"

"கேட்டுத்தான் ஆகணும். கேக்காமலே எப்படித் தெரியும்?"

"கண்ணு இருந்தா தெரியுமாக்கும்."

"இது நம்ம அபிப்பிராயம் இல்ல ஸாதனா. அந்த நாட்டோடது."

"எழுதறது நம்ம கைதானே" என்றாள். பிறகு, ரொம்ப சாதாரணமாக, "அந்த வரி இருந்தா என் பேரு வேண்டாம். நான் விலகிக்கறேன்" என்றாள்.

அவள் விலகினால் அவளுக்கு ஒன்றும் போவதில்லை. அவள் அண்ணன் பெங்களூரில் வேலையில் இருக்கிறார். மாநாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜூனில் அவள் அங்கே போய்ப் படிக்கப்போவது முடிவான விஷயம். அவளுக்கு மனசாட்சி வைத்துக்கொள்ள வசதி இருந்தது. எனக்குப் பொறாமை, கோபம் இரண்டுமே வந்தன. அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அவை வந்ததும் போய்விட்டன என்பதையும் பதிவு செய்ய வேண்டும். மட்டாஞ்சேரி ஜெட்டியில் இறங்கும்போது எனக்குள் எதுவுமே இல்லை. அன்றிலிருந்து இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததைக் கோபத்தில் செய்ததாக எழுதிவிடாதீர்கள்.

வாக்குவாதத்தை வாக்குவாதத்தால்தான் தீர்க்க வேண்டும் என்பதில் எனக்கு நம்பிக்கை உண்டு. அதனால் படகிலேயே அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "முழுசா ஒரு தடவ கேளு. நான் படிக்கிறேன். நடுவுல பேசாம, எந்திரிச்சுப் போகாம கேளு. அதுக்கப்பறம் நீ சொல்றபடி." அவள் யோசித்துவிட்டு, "சரி, கேக்கறேன். சத்தியம்" என்றாள். சனிக்கிழமை எங்கள் கிடங்கின் மாடியறைக்கு வரச் சொன்னேன்.

வழக்கமாக அவள் வீட்டில்தான் பயிற்சி செய்வோம். சுக்கும் மிளகும் மட்டும் இருக்கிற நாட்களில் எப்போதாவது எங்கள் கிடங்குக்கு வருவாள், அதில் அவளுக்குத் தொந்தரவு இல்லை. மாடியறை பழைய ஆபீஸ் அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, காயலைப் பார்த்த ஒரு சன்னல். கீழே போக ஏணி மாதிரி செங்குத்தான மரப்படி.

எங்கள் பயிற்சிக்கு ஒரு முறை வைத்திருந்தோம். மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள், நாங்கள் கண்டுகொள்வதில்லை. பயிற்சி தொடங்கிவிட்டால் நாங்கள் சிநேகிதிகள் இல்லை. ஒருத்தி தலைமை, ஒருத்தி பிரதிநிதி. பையும் ஃபோனும் வெளியே. கிடங்கில் என்றால் வாசலில் உட்கார்ந்து சரக்குத் தரம் பிரிக்கும் பேச்சி அக்காவிடம். தண்ணீர் குடிக்க வேண்டுமானாலும் நாட்டின் பெயர் எழுதிய பிளக்கார்டை உயர்த்தி, தலைமை அனுமதித்தபின் எதற்காக என்று வாயால் சொல்லிக் கேட்க வேண்டும். அதில் பர்சனல் பிரிவிலேஜ் என்று ஒன்று உண்டு. அறை புழுக்கமாக இருக்கிறது, பேச்சு காதில் விழவில்லை, உடம்புக்கு முடியவில்லை என்பது போன்ற சொந்த அசௌகரியங்களுக்கானது. பேசிக்கொண்டிருப்பவரை அது ஒன்றுக்காக மட்டும் இடைமறிக்கலாம். ஆனால் இன்னதற்கு என்று சொல்ல வேண்டும். சும்மா பிளக்கார்டைத் தூக்கினால் தலைமைக்கு எப்படித் தெரியும்? ஒரு தடவை அம்மிணி மாமி வீட்டில் ஸாதனா தலைமையாக இருந்தபோது, விக்கல் வந்து பேச முடியாமல் பிளக்கார்டை ஆட்டிக்கொண்டிருந்த என்னை அவள் கடைசிவரை கண்டுகொள்ளவே இல்லை. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். முன்னுதாரணம் என்று இதை நான் சொல்லவில்லை. நடந்தது, அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை கிடங்கில் குண்டூர் மிளகாய் வந்து இறங்கியிருந்தது. காம்பு கிள்ளிச் சலிக்கும் வேலை காலையிலேயே தொடங்கிவிட்டது. சலிக்கிறவர்கள் மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டுதான் உட்காருவார்கள். தூசி எல்லாம் மேலே எழும்பிப் பலகைத் தளத்தின் இடுக்குகள் வழியாக மாடியறைக்கு வரும். சரக்கு எந்த நாள் வரும் என்பது வியாழக்கிழமையே எனக்குத் தெரியும். அதற்கு அடுத்த நாள் எர்ணாகுளத்திலிருந்து திரும்பும் படகில்தான் அவளைச் சனிக்கிழமை வரச் சொன்னேன்.

அவள் வாசலிலேயே தும்மினாள். "என்னடி, இன்னிக்கு இப்படி நெடி?"

"கொஞ்ச நேரத்துல அடங்கிடும்" என்றேன்.

"மேல வர படில ஏறினாலே எனக்கு மூச்சு முட்டறது. இன்னொரு நாள் வச்சுக்கலாமே."

"சத்தியம் பண்ணினது நீதான்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே பையைக் கழற்றினாள். நான் வாங்கிப் பேச்சி அக்காவிடம் கொடுத்தேன். "பாத்துக்குங்க அக்கா" என்றேன். அவர் மிளகாய்க் கையோடு தொடாமல், முழங்கையால் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

மேலே போய் உட்கார்ந்தோம். சன்னலைச் சாத்தினேன், காயல் காற்றில் காகிதம் பறக்கும். கதவையும் சாத்தினேன், சலிக்கிற சத்தம் கேட்கும். மேசைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அவள் பிளக்கார்டைத் தனக்கு முன்னால் வைத்துக்கொண்டு கைகட்டி நல்ல பிள்ளையாக உட்கார்ந்தாள். அன்றைக்குத் தலைமையும் நான்தான், எழுந்து நின்று படிக்க ஆரம்பித்தேன்.

முதல் பகுதி அந்த நாட்டின் கடலோர வரலாறு. அதைப் படித்து முடிக்குமுன் அவள் தோள்கள் ஏறிவிட்டன. பார்த்தேன். இரண்டாம் பகுதியில் அவள் பிளக்கார்டை உயர்த்தினாள். நான் நிறுத்தி, "எதற்காக?" என்று கேட்டேன். "ஜுமி, சன்னல்" என்றாள். பிரதிநிதிகள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது. அதைச் சுட்டிக்காட்டிவிட்டுத் தொடர்ந்தேன். அவள் முதலில் சிரித்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

அப்புறம் சிரிக்கவில்லை. பிளக்கார்டு மறுபடி உயர்ந்தது. நான் மறுபடி எதற்காக என்று கேட்டேன். பதில் வரவில்லை. வாய் திறந்திருந்தது, சொல் வரவில்லை, விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அது கோரிக்கை ஆகாது. நான் படித்தேன். ஒவ்வொரு தடவை அவள் உயர்த்தும்போதும் நிறுத்திக் கேட்டேன், அதில் குறை வைக்கவில்லை. கேட்டு, காத்திருந்து, பதில் இல்லாதபோதுதான் தொடர்ந்தேன். அவள் எழுந்து கதவுப் பக்கம் போகப் பார்த்தாள். "எழுந்து போக மாட்டேன்னு சொன்னே" என்று நினைவூட்டினேன். போகிற வலு அவளுக்கு இல்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து நின்றாள். உதட்டோரம் நிறம் மாறியிருந்தது. பிளக்கார்டை மட்டும் விடவில்லை. கண் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த மைய வாக்கியத்துக்கு வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தேன், முக்கியமான வாக்கியம் என்பதால். பிறகு தீர்வுகள், பிறகு முடிவுரை. கடைசி வரிவரை படித்தேன். படித்து முடித்தபோது பிளக்கார்டு தரையில் கவிழ்ந்து கிடந்தது. கப்பல் ஒன்று ஹாரன் அடித்தது ஞாபகம் இருக்கிறது.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றும் தோன்றவில்லை. பேப்பர் நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் தோன்றியது.

அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்து, "பேச்சி அக்கா, ஸாதனா பை" என்று கத்தினேன். நீங்கள் சந்தேகப்படுகிற இடம் இதுதான். அந்த அம்மாள் படியில் தவழ்ந்த மாதிரி ஏறி, விழுந்தடித்து ஓடி வந்தார். பையைத் திறந்து, கையை உள்ளே விட்டு, இன்ஹேலரோடு வெளியே எடுத்து ஸாதனாவின் வாயில் வைத்து அழுத்தினேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். "ஐயோ, நான் முன்னாடியே கொண்டாந்திருக்கணுமே" என்று தலையில் அடித்துக்கொண்டார். வழியிலேயே உயிர் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அது சரியல்ல, அதற்கு முன்பே போய்விட்டது.

அத்தா பேச்சி அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அவரை நிமிர்ந்து பார்க்கக்கூட அத்தாவுக்குப் பிடிக்கவில்லை. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து எங்களிடம் பல வருடம் வேலை செய்தவர். போகும்போது என் கையைப் பிடித்து அழுதுவிட்டு, "நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதம்மா, எல்லாம் என் தப்பு" என்றார். நான் சரி என்றேன். அன்றைக்கே மறுத்திருக்க வேண்டும், அது என் தவறுதான்.

அம்மிணி மாமி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "கடைசி நிமிஷம் வரைக்கும் நீ பக்கத்துல இருந்தியேடி, அது போறும் எனக்கு" என்றார். நான் இருந்தேன் என்பது உண்மைதான். அவர் கழுத்தில் விபூதி வாசனை அடித்தது. அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. என் சட்டையின் நெடியில் அவருக்குத் தும்மல் வந்தது, அழுகைக்கு நடுவில் தும்மினார். நான் விலகி நின்றுகொண்டேன்.

மாநாட்டுக்காரர்கள் எனக்காக விதியைத் தளர்த்தி, தனியாகவே வர அனுமதித்தார்கள். பேப்பரை இரண்டு பேர் பெயரிலும் அனுப்பினேன். அனுப்புமுன் அந்த மைய வாக்கியத்தை எடுத்துவிட்டேன். ஸாதனா விரும்பவில்லை அல்லவா. அது இல்லாமலும் பேப்பர் நன்றாகவே இருந்தது. கடுமையான நாட்டின் தரப்பையும் மனிதத்தன்மையோடு எழுதியிருக்கிறார்கள் என்று நடுவர் சொன்னார். ஒரு நிமிடம் எல்லாரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். சிறந்த பேப்பருக்கான கப்பு எங்களுக்குத்தான். இரண்டு பெயரும் பொறித்துத் தந்தார்கள்.

அத்தா அதைக் கடையில் தராசுக்கு மேலே உள்ள பலகையில் வைத்திருக்கிறார். பெங்களூர் என்று நான் ஆரம்பித்தபோது கையெடுத்துக் கும்பிட்டார். "ஒண்ணும் வேண்டாம்மா. அந்தப் பிள்ள போனதுலேர்ந்து எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. நீ எங்கயும் போக வேண்டாம், கண்ணு முன்னாலேயே இரு" என்றார். அத்தா சொன்ன சொல் மாறிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் வற்புறுத்தவில்லை. மறுநாளிலிருந்து கடையில் பில் போடுகிறேன்.

ஏன் செய்தாய் என்பதற்குக் கப்பு என்று எழுதிக்கொண்டால் உங்களுக்கு வேலை சுலபம். பாதி சரி. ஆனால் அவளைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை சார். விவாதத்தில் ஜெயிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். மூழ்குகிறவர்கள் எப்படிக் கேட்பார்கள் என்றாளே, அவசியம் என்று வந்தால் யாரும் எப்படியாவது கேட்டுவிடுவார்கள் என்று அவளுக்குக் காட்ட நினைத்தேன். அவள் கேட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன், அவளும் இருந்திருப்பாள். இரண்டு பேருக்கும் நல்லது நடந்திருக்கும்.

திருத்த வேண்டிய தவறு இன்னும் ஒன்று இருக்கிறது. இன்ஹேலரைப் பையிலிருந்து எடுத்ததாகப் பேச்சி அக்கா உங்களிடம் சொல்லியிருப்பார், அவர் பார்த்தது அதுதான். பையைக் கீழே அவரிடம் கொடுக்குமுன்பே ஜிப்பைத் திறந்து எடுத்துக்கொண்டுவிட்டேன். மாடியில் நான் படித்த நேரம் முழுவதும் ஒரு கையில் பேப்பர் இருந்தது, மற்றக் கையில் அது இருந்தது. அவளிடம் அதை மறைக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். வாயைத் திறந்து ஒரே ஒரு தடவை முறையாகக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.